மேரி காரெட்டின் நிபந்தனை

அமெரிக்காவில் பள்ளிப் படிப்பை முடித்த கையோடு மருத்துவக் கல்லூரிக்குள் நுழைவது பொதுவாக முடியாது. முதலில் நான்கு வருடம் ஏதாவது ஒரு கல்லூரியில் படித்து இளநிலைப் பட்டம் வாங்க வேண்டும். மருத்துவத்துக்கு விண்ணப்பிப்பது அதற்குப் பிறகுதான். அந்த நான்கு வருடமும் தன்னை ‘ப்ரீ-மெட்’ என்று சொல்லிக்கொள்கிற மாணவி உண்மையில் அப்படியொரு துறையில் படிப்பதில்லை. பெரும்பாலான கல்லூரிகளில் அந்தப் பெயரில் துறையே கிடையாது. ப்ரீ-மெட் என்பது ஒரு எண்ணம், கூடவே ஒரு பட்டியல். உயிரியல் ஒரு வருடம், பொது வேதியியல் ஒரு வருடம், கரிம வேதியியல் ஒரு வருடம், இயற்பியல் ஒரு வருடம், எல்லாம் ஆய்வக வகுப்புகளோடு. இந்தப் பட்டியலை முடித்துவிட்டால் மேஜர் எதுவாகவும் இருக்கலாம் என்று மருத்துவக் கல்லூரிகள் சொல்கின்றன. வரலாறாக இருக்கலாம், இசையாக இருக்கலாம், தத்துவமாகவும் இருக்கலாம்.

ஆனால் விண்ணப்பிக்கிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் உயிரியல் சார்ந்த மேஜரோடுதான் வருகிறார்கள். ‘எதுவாகவும் இருக்கலாம்’ என்ற சொல்லை நம்பி இலக்கியமோ இசையோ எடுக்கிறவர்கள் சிறுபான்மைதான். ஏன் என்று கேட்டால் ஆர்வம் என்று ஒரு பதில் வரும். அது பாதிப் பதில். மீதிப் பாதியைத் தேட அந்தப் பட்டியல் பிறந்த இடத்துக்குப் போக வேண்டும். அதை நாட்டு வழக்கமாக ஆக்கியது ஒரு பெண்ணின் பணம். பெண்களுக்குக் கதவைத் திறக்கவே அந்தப் பணம் வந்தது. திறந்த கதவு யாருக்குத் திறந்தது, யாருக்கு மூடியது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கதை.

பட்டியல் இல்லாத காலத்தில் என்ன நடந்தது? எலிசபெத் பிளாக்வெல் 1847இல் நியூயார்க் மாநிலத்து ஜெனீவா மருத்துவக் கல்லூரிக்குள் போனபோது அவரிடம் கல்லூரிப் பட்டம் எதுவும் இல்லை. கரோலினா மாநிலங்களில் பள்ளி ஆசிரியையாக இருந்தபடி, தெரிந்த டாக்டர்களின் வீட்டு நூலகத்தில் மருத்துவப் புத்தகங்களைப் படித்திருந்தார். ஜெனீவாவில் இருந்த ஆசிரியர்கள் ‘இந்தப் பெண்ணைச் சேர்க்கலாமா’ என்று முடிவெடுக்கத் தயங்கி, மாணவர்களிடம் ஓட்டுக்கு விட்டார்கள். பையன்கள் கேலியாக நினைத்துச் சம்மதம் சொன்னார்கள். 1849இல் அவர் பட்டம் வாங்கினார். அன்றைய மருத்துவப் படிப்பு என்பதே இரண்டு பருவ விரிவுரைகள். முதல் பருவத்தில் கேட்டதையே இரண்டாம் பருவத்தில் திரும்பக் கேட்பது பல கல்லூரிகளில் சாதாரணம். ஆண்களுக்கும் முன்தகுதி பெரிதாக ஒன்றும் கேட்கப்படவில்லை. 1864இல் பாஸ்டனில் பட்டம் வாங்கிய ரெபெக்கா லீ கிரம்ப்ளர், அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண். அவர் கல்லூரிக்குள் வந்த வழி கல்லூரி இல்லை. எட்டு வருடம் செவிலியாக வேலை செய்து, அதைப் பார்த்த டாக்டர்களின் சிபாரிசில் வந்தவர். 1883இல் ஃபிலடெல்ஃபியா பெண்கள் மருத்துவக் கல்லூரிக்கு எழுதிய கடிதத்தில் ஆனந்திபாய் ஜோஷி, நுழைவுத் தகுதிகள் எல்லாம் தன்னிடம் இல்லாமல் போகலாம் என்று வெளிப்படையாகவே சொன்னார். அந்தக் கல்லூரியின் தலைவர் ரேச்சல் பாட்லி ஒரு வேதியியல் அறிஞர். அவர் சேர்த்துக்கொண்டார். 1886இல் ஆனந்திபாய் டாக்டரானார்.

அந்தக் காலத்தை நான் பொற்காலம் என்று சொல்லவில்லை. தரம் என்ற ஒன்று இல்லாத இடத்தில் யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்பது அந்தந்த ஆண்களின் மனநிலையைப் பொறுத்தது. ஓட்டெடுப்பில் சிரித்துக்கொண்டே ‘சரி’ என்ற வகுப்பு மறுநாள் சிரிக்காமல் ‘முடியாது’ என்றிருந்தால் பிளாக்வெல் என்ன செய்திருக்க முடியும்? எழுதப்பட்ட விதி பெண்களுக்கு ஏன் தேவைப்பட்டது என்பது இங்கேதான் புரிகிறது.

பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் மருத்துவக் கல்லூரி திறக்கத் திட்டமிட்டிருந்தது. ஆனால் பணம் இல்லை. நிறுவனர் விட்டுச்சென்ற சொத்து ரயில்வே கம்பெனிப் பங்குகளில் மாட்டியிருந்தது. அந்தப் பங்குகள் வருமானம் தரவில்லை. பல்கலைக்கழக அறங்காவலர்களின் மகள்கள் சிலர் இந்த இக்கட்டைக் கவனித்தார்கள். அவர்களில் எம். கேரி தாமஸ் என்பவருக்கு அந்தப் பல்கலைக்கழகத்தோடு பழைய கணக்கு ஒன்று இருந்தது. மேற்படிப்புக்காக அங்கே சேர்ந்தபோது வகுப்பில் உட்கார விடாமல் செய்தார்கள். கடைசியில் சூரிச் போய் 1882இல் முனைவர் பட்டம் வாங்கி வந்தவர். இன்னொருவர் மேரி எலிசபெத் காரெட், ரயில்வே அதிபரின் மகள், பெரும் பணக்காரி. இவர்கள் நாடு முழுவதும் பெண்கள் குழுக்களை அமைத்து 1 லட்சம் டாலர் திரட்டி 1890இல் பல்கலைக்கழகத்திடம் நீட்டினார்கள். ஒரே நிபந்தனை: ஆண்களைச் சேர்க்கிற அதே விதிகளில் பெண்களையும் சேர்க்க வேண்டும். பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது, ஆனால் கல்லூரி திறக்க மொத்தம் 5 லட்சம் வேண்டும் என்றது. மீதி வரவில்லை. 1892 டிசம்பரில் காரெட் தன் கைப்பணத்திலிருந்து 3,06,977 டாலர் தந்து கணக்கை நேர்செய்தார்.

கூடவே இரண்டாவது நிபந்தனை. உள்ளே வருகிற எல்லோரும், ஆணோ பெண்ணோ, இளநிலைப் பட்டம் பெற்றிருக்க வேண்டும். இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். பிரெஞ்சும் ஜெர்மனும் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். இது காரெட் கற்பனையில் உதித்ததில்லை. பேராசிரியர் வில்லியம் வெல்ச் தன் லட்சிய மருத்துவக் கல்லூரிக்காக முன்னமே காகிதத்தில் எழுதி வைத்திருந்ததுதான். ஆனால் ஒரு பெண் அதைக் கையில் எடுத்து, ‘இதை அப்படியே செய்யுங்கள்’ என்றபோது எழுதியவரே கலங்கிப்போனார். இவ்வளவு தகுதியோடு மாணவர்கள் எங்கிருந்து வருவார்கள் என்ற பயம். நல்லவேளை நாம் ஆசிரியராக வந்துவிட்டோம், மாணவராக இங்கே நமக்கு இடம் கிடைத்திருக்காது என்று சக பேராசிரியர் வில்லியம் ஆஸ்லர் வெல்ச்சிடம் வேடிக்கையாகச் சொன்னதை இன்றும் சொல்கிறார்கள்.

காரெட் ஏன் இவ்வளவு கறாராக இருந்தார்? தரத்தைத் தாழ்த்தித்தான் பெண்களைச் சேர்த்தார்கள் என்ற பேச்சு ஒருநாளும் வரக்கூடாது என்பது ஒரு காரணமாக இருக்க வேண்டும். பெண்கள் வந்த துறை மலிந்துபோகும் என்பது அன்று எல்லோரும் சொன்ன வாதம். அதற்கு அவர் கொடுத்த பதில், நாட்டிலேயே உயரமான வாசற்படி. பட்டம் இருக்கிறதா, பட்டியல் முடிந்ததா என்று மட்டும் பார். ஆணா பெண்ணா என்று பார்க்காதே.

1893இல் கல்லூரி திறந்தது. முதல் வகுப்பின் 18 பேரில் மூன்று பேர் பெண்கள்.

இப்போது மேஜர் என்ற கேள்வி பெண்களின் வாழ்க்கைக்குள் வருகிறது. பதினெட்டு வயதில் எடுத்த முடிவு இருபத்திரண்டு வயதில் கதவாகவோ சுவராகவோ மாறும் நிலை முதல்முறையாக உண்டானது. டாரதி ரீட் ஸ்மித் பெண்கள் கல்லூரியில் 1895இல் பட்டம் வாங்கியவர். பத்திரிகையாளராகும் எண்ணத்தில் இருந்தவர். உயிரியல் வகுப்பு ஒன்று மனதைத் திருப்பியது. ஆனால் ஹாப்கின்ஸ் கேட்கிற இயற்பியலும் வேதியியலும் அவரிடம் இல்லை. பட்டம் வாங்கிய பிறகு பாஸ்டனில் எம்.ஐ.டி.யில் போய் அவற்றைத் தனியாகப் படித்து முடித்தார். அதற்கான காலமும் வசதியும் அவருக்கு அமைந்தன. ஹாட்ஜ்கின் நோயை நுண்ணோக்கியில் அடையாளம் காட்டும் செல்லில் இன்றும் அவர் பெயர் இருக்கிறது. அதே ஸ்மித் கல்லூரியில் படித்த ஃப்ளாரன்ஸ் சேபின் சரியான பாடங்களைத்தான் எடுத்திருந்தார், ஆனால் கட்டணத்துக்குப் பணம் இல்லை. மூன்று வருடம் ஆசிரியையாக வேலை பார்த்துச் சேமித்து 1896இல் உள்ளே வந்தார். 1917இல் அந்தக் கல்லூரியின் முதல் பெண் முழுப் பேராசிரியர் அவர். எழுத்தாளர் கெர்ட்ரூட் ஸ்டைன் ராட்கிளிஃபில் வில்லியம் ஜேம்ஸிடம் உளவியல் படித்துவிட்டு, அவருடைய யோசனையின்பேரில் மருத்துவத்துக்கு வந்தவர். லத்தீன் தேர்வில் தடுக்கியதால் இளநிலைப் பட்டமே 1898இல்தான் கைக்கு வந்தது. ஹாப்கின்ஸிலோ 1897இலேயே சேர்ந்துவிட்டார். விதிகளுக்கும் அவ்வப்போது இடுப்பு வளைந்தது என்று வைத்துக்கொள்ளலாம். 1901இல் பட்டம் வாங்காமலே வெளியேறினார்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் சொந்த இளநிலைக் கல்லூரியில் மருத்துவத்துக்கு முன்தயாரிப்பாகவே வகுக்கப்பட்ட வேதியியல்–உயிரியல் பாடத்திட்டம் ஒன்று இருந்தது. அந்த இளநிலைக் கல்லூரி பெண்களைச் சேர்த்தது 1970இல். அதாவது மாடிக்குப் பெண் போகலாம், ஆனால் படிக்கட்டை வேறெங்காவது தேடிக்கொள்ள வேண்டும். எழுபத்தேழு வருடம் இப்படி.

படிக்கட்டைப் பெண்கள் கல்லூரிகள் கட்டிக் கொடுத்தன. மவுண்ட் ஹோலியோக்கை 1837இல் நிறுவிய மேரி லயன் தானே வேதியியல் நடத்தியவர். முனைவர் பட்டம் பெற்ற பெண் விஞ்ஞானிகளை ஆண்களின் பல்கலைக்கழகங்கள் வேலைக்கு எடுக்கவில்லை; அவர்களில் பலர் இந்தக் கல்லூரிகளில்தான் வந்து சேர்ந்தார்கள். அதனால் ஒரு பெண் விலங்கியலைச் சிறந்த ஆசிரியையிடம் படிக்க முடிந்தது. வெளியே கதவை மூடியதன் எதிர்பாராத லாபம் இது. விர்ஜீனியா ஆப்கார் அங்கே 1929இல் விலங்கியல் மேஜரில் பட்டம் வாங்கினார். செலவுக்காகச் செய்த பகுதிநேர வேலைகளில் ஒன்று, ஆய்வகத்துக்குப் பூனை பிடித்துத் தருவது. பிறந்த குழந்தையின் நிலையை ஒரு நிமிடத்தில் மதிப்பிடும் ஆப்கார் மதிப்பெண் அவருடையது. பிரசவ அறையில் இருந்த எந்த நர்ஸுக்கும் தெரியும். இருபாலர் பல்கலைக்கழகங்களிலோ அறிவியலில் ஆர்வம் காட்டிய பெண்களை வேறொரு பக்கம் திருப்பிவிட்டார்கள்: மனையியல். அதிலும் வேதியியல் இருந்தது, உண்மையான வேதியியல்தான். ஆனால் அது மருத்துவக் கல்லூரி வாசலில் செல்லுபடியாகிற வேதியியலாகக் கணக்கிடப்பட்டது எத்தனை பெண்களுக்கு?

காரெட்டின் பட்டியல் ஒரு கல்லூரியோடு நின்றிருந்தால் கதை வேறு. 1910இல் ஆப்ரகாம் ஃப்ளெக்ஸ்னர் என்பவர் கார்னகி அறக்கட்டளைக்காக நாட்டிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவப் பள்ளிகளைப் பார்த்து ஒரு அறிக்கை எழுதினார். அவர் டாக்டர் இல்லை, பள்ளி ஆசிரியர். ஹாப்கின்ஸ்தான் அவருடைய அளவுகோல். குறைந்தது இரண்டு வருடக் கல்லூரிப் படிப்பு, அதில் அறிவியல் பாடங்கள், இல்லையென்றால் பள்ளியை மூடு என்பது சாரம். மோசமான பள்ளிகள் நிறையவே இருந்தன, மூடப்பட வேண்டியவைதான். ஆனால் மூடிய வரிசையைப் பாருங்கள். கறுப்பின மாணவர்களுக்காக இருந்த ஏழு பள்ளிகளில் ஹோவர்டும் மெஹாரியும் மட்டும் மிஞ்சின. பெண்களுக்கென்று அப்போது எஞ்சியிருந்த மூன்றில் ஃபிலடெல்ஃபியா மட்டும் நிலைத்தது. கதவு திறந்திருந்தும் வருகிற பெண்களின் எண்ணிக்கை குறைகிறது என்றால் தேவை இல்லை என்றுதானே பொருள் என்கிற ரீதியில் அந்த அறிக்கை பெண்களைப் பற்றிய பகுதியை முடித்துக்கொண்டது. 1910இல் அமெரிக்க டாக்டர்களில் சுமார் 6 சதவீதம் பெண்கள். அந்த இடத்துக்குத் திரும்பி வரவே அவர்களுக்கு 1950 ஆனது.

இந்த அலை வேலூர்வரை வந்தது. ஐடா ஸ்கடர் 1895இல் ஃபிலடெல்ஃபியா பெண்கள் கல்லூரியில் சேர்ந்து, கார்னெல் பெண்களுக்குத் திறந்ததும் அங்கே மாறி, 1899இல் பட்டம் வாங்கியவர். ஃப்ளெக்ஸ்னருக்கு முந்தைய தலைமுறை. 1918இல் அவர் வேலூரில் தொடங்கிய பெண்கள் மருத்துவப் பள்ளி தந்தது எல்.எம்.பி. என்ற டிப்ளமோ. பள்ளிப் படிப்பு முடித்த பெண் நேராக வரலாம். 1930களின் பிற்பகுதியில் சென்னை மாகாண அரசு டிப்ளமோவைக் கைவிட்டு எம்.பி.பி.எஸ். மட்டுமே என்று தரத்தை உயர்த்தியபோது வேலூருக்கு அதே இரண்டு வழிகள்தான்: பெரும் பணம் திரட்டி உயர், அல்லது மூடு. எழுபது வயதை நெருங்கிய ஐடா அமெரிக்கா போய்ப் பணம் திரட்டினார். 1942இல் எம்.பி.பி.எஸ். தொடங்கியது. 1947இல் ஆண்களும் சேர்ந்தார்கள். பெண்களுக்கென்று கொடுத்த பணத்தில் ஆண்களைச் சேர்ப்பதா என்று கடுமையாக எதிர்த்தவர்கள் அமெரிக்கப் பெண் நன்கொடையாளர்கள். அவர்கள் கோபத்தில் எனக்கு நியாயம் தெரிகிறது. ஐடாவுக்கு வேறு வழி இருந்ததாகவும் தெரியவில்லை.

அமெரிக்காவில் பட்டியல் எல்லோருக்கும் பொதுவானது, ஆனால் இடங்கள் பொதுவாகவில்லை. காரெட் கேட்ட ‘அதே விதிகள்’ மற்ற கல்லூரிகளில் தந்திரமாக வேலை செய்தன. விதிகள் ஒன்றே, அவற்றை நிறைவுசெய்த பெண்களில் வருடத்துக்கு நான்கைந்து பேரை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். 5 சதவீதம் என்பது 1960கள்வரை பல இடங்களில் எழுதாத உச்சவரம்பு. ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரி 1945வரை பெண்களைச் சேர்க்கவே இல்லை. இந்தச் சூழலில் கல்லூரி ஆலோசகர்கள் பெண்களுக்குச் சொன்ன புத்திமதி என்னவாக இருந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை: விலங்கியல் எடு, இடம் கிடைக்காவிட்டால் டீச்சராகலாம். மேஜர் என்பது ஆசையின் பெயராக இல்லாமல் தோல்விக்கான முன்னேற்பாடாக ஆனது இப்படித்தான்.

ஜாய்ஸ்லின் எல்டர்ஸின் வாழ்க்கையை இதோடு சேர்த்து வாசிக்க வேண்டும். ஆர்கன்சா மாநிலத்தில் குத்தகை விவசாயக் குடும்பம். பதினாறு வயதுவரை ஒரு டாக்டரைக்கூடப் பார்த்ததில்லை. உதவித்தொகையில் ஃபிலாண்டர் ஸ்மித் என்ற கறுப்பினக் கல்லூரிக்குப் போக, பஸ் கட்டணத்துக்காக வீட்டில் தம்பி தங்கைகள் பருத்தி பறித்தார்கள். உயிரியல் எடுத்தார், ஆய்வகத்தில் டெக்னீஷியன் வேலை கிடைக்கும் என்பது கனவின் எல்லை. ஆர்கன்சா மருத்துவக் கல்லூரியில் 1948இல் சேர்ந்த முதல் கறுப்பின மாணவி ஈடித் இர்பி அந்தக் கல்லூரிக்கு வந்து பேசிய நாளில்தான் தானும் டாக்டராகலாம் என்பது தெரிந்தது. தெரிந்தும் பணம் இல்லை. ராணுவத்தில் சேர்ந்து உடலியக்கச் சிகிச்சையாளராக இருந்து, படைவீரர்களுக்கான கல்வி உதவியைக் கொண்டு 1956இல் மருத்துவத்தில் சேர்ந்தார். 1993இல் நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரி ஆனார். டெக்னீஷியன் வேலைக்கென்று எடுத்த பாடங்கள் தற்செயலாக மருத்துவப் பட்டியலோடு பொருந்தியிருந்தன. அவர் இலக்கியம் எடுத்திருந்தால் டாரதி ரீட்போல இன்னொரு கல்லூரிக்குப் போய்த் திரும்பப் படித்திருக்க முடியுமா?

1970இல் பெண்கள் உரிமை அமைப்பு ஒன்று நாட்டின் எல்லா மருத்துவக் கல்லூரிகள்மீதும் பாகுபாட்டுப் புகார் கொடுத்தது. 1972இல் ஒன்பதாம் பிரிவு என்று அறியப்படும் கல்விச் சட்டம் வந்தது. உச்சவரம்பு உடைந்தது. 2017இல் புதிதாகச் சேர்ந்தவர்களில் பெண்கள் முதல்முறையாகப் பாதியைத் தாண்டினார்கள்.

பட்டியல் மட்டும் அசையவில்லை. ஸ்டான்ஃபோர்டில் டொனால்ட் பார் குழுவினர், டாக்டராகும் எண்ணத்தோடு கல்லூரிக்கு வந்த மாணவர்களைப் பின்தொடர்ந்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், பெண்களும் சிறுபான்மை இன மாணவர்களும் அந்த எண்ணத்தை விரைவாகக் கைவிடுவதையும், கைவிட்டவர்கள் காரணமாக அதிகம் சொன்னது வேதியியல் வகுப்புகளை என்பதையும் காட்டினார்கள். முதல் வருடத்தில், ஒரே ஒரு பாடத்தில். நல்ல பள்ளியில் வேதியியல் படித்து வந்தவர்களோடு ஒரே தராசில் நிற்க வேண்டிய வகுப்பு அது. அந்தப் பாடம் இல்லாமலே நல்ல டாக்டர் ஆக முடியுமா? நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் 1987இல் தொடங்கிய திட்டத்தில் இலக்கியம், வரலாறு போன்ற மேஜர் மாணவர்களைக் கல்லூரி இரண்டாம் வருடத்திலேயே தேர்ந்தெடுத்தது. கரிம வேதியியலும் வேண்டாம், எம்கேட் நுழைவுத் தேர்வும் வேண்டாம். இவர்கள் மற்ற மாணவர்களுக்குச் சமமாகவே தேறினார்கள் என்று 2010இல் எழுதினார்கள். 2015இல் எம்கேட் தேர்விலேயே உளவியலும் சமூகவியலும் சேர்ந்தன.

ஆக, சமூகவியல் மேஜரில் படிக்கிற பெண்ணுக்கு முன்னைவிட இன்று வழி அகலம். செலவுக் கணக்கு மட்டும் மாறவில்லை. உயிரியல் மேஜர் எடுத்தால் பட்டத்துக்கான பாடங்களும் மருத்துவத்துக்கான பட்டியலும் ஒன்றின்மேல் ஒன்று படிந்துவிடும். வேறு மேஜர் என்றால் இரண்டையும் தனித்தனியே சுமக்க வேண்டும். கூடுதல் வகுப்பு, கோடைக்காலக் கட்டணம், சிலவேளை கூடுதல் வருடம். உதவித்தொகையில் படிக்கிறவளுக்கு அந்தக் கூடுதல் வருடம் கிடையாது. பட்டம் வாங்கிய பிறகு மனம் மாறியவர்களுக்காகப் பட்டியலை மட்டும் நடத்தித் தரும் படிப்புகளும் வந்துவிட்டன. அவற்றில் பேர்போன ஒன்றை 1972 முதல் நடத்துவது பிரின் மார் கல்லூரி. 1890இல் காரெட்டோடு சேர்ந்து பணம் திரட்டிய கேரி தாமஸ் பின்னாளில் தலைவராக இருந்த அதே பெண்கள் கல்லூரி. டாரதி ரீட் எம்.ஐ.டி.யில் செய்ததை இப்போது கட்டணம் கட்டி ஒரு வருடத்தில் செய்யலாம்.

ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரிக்கு 2024இல் மறுபடியும் ஒரு பணக்காரரின் நன்கொடை வந்தது. மைக்கேல் புளூம்பெர்க் தந்தது 100 கோடி டாலர். குடும்ப வருமானம் வருடத்துக்கு 3 லட்சம் டாலருக்குக் குறைவாக இருந்தால் அங்கே மருத்துவப் படிப்புக்குக் கட்டணம் இல்லை. பிரெஞ்சும் ஜெர்மனும் பட்டியலிலிருந்து எப்போதோ போய்விட்டன; இளநிலைப் பட்டமும் அறிவியல் பாடங்களும் இருக்கின்றன. சலுகை மருத்துவக் கல்லூரியின் முதல் நாளிலிருந்து தொடங்குகிறது. அதற்குமுன் கரிம வேதியியலுக்குக் கட்டிய பணம் அவளுடைய கணக்கில்தான்.